சமதரை

புறாமலையில் இரவு தங்கப்
புறாக்களுக்கு மட்டுந்தான் அனுமதி என்றார்
நிலாவெளிக் கரையில் ரிக்கற் கிழிப்பவர்.
நாளைக் காலை எட்டு மணிப் படகுக்கு
இரண்டு துண்டு வாங்கிக்கொண்டு
படுக்க இடம் தேடப் புறப்பட்டோம்.

எங்களோடு வருவது
லான்ட்மாஸ்ரர் பெட்டிக்குத் தகரக் கூரை போட்டுப்
பிறேமச்சந்திரன் தானே ஒட்டிய வீடு.
இரண்டு சில்லு, ஒரு மெத்தை,
கதவுக்குப் பதில் படங்குச் சீலை.
பழைய வான் அதை இழுக்கும்.
ஏற்றம் வந்தால் மட்டும் கொஞ்சம் யோசிக்கும்.

முதலில் சவுக்கங்காடு.
நிழல் நல்லது, காற்று நல்லது,
மண்ணைத்தான் நான் விசாரிக்கவில்லை.
இடப்பக்கச் சில்லு அச்சுவரை போய்
அங்கேயே குடியிருக்கப் பார்த்தது.
கரைவலை இழுத்து முடித்தவர்கள் வந்தார்கள்.
அதே கயிறு, அதே சத்தம்,
இந்தமுறை மடியில் மீனுக்குப் பதில்
நாங்கள்.

பிறகு தென்னந்தோட்டம்.
பிறேம் அண்ணாந்து பார்த்து எண்ணினான்:
பதினேழு தேங்காய், இரண்டு காய்ந்த மட்டை,
கீழே ஒரு தகரக் கூரை.
வானைத் திருப்பினேன்.

ஹோட்டல் மதிலோரம் நிற்கலாம் என்று
காவல்காரர் ஒரு தொகை சொன்னார்.
அந்தக் காசுக்கு உள்ளேயே படுக்கலாம்,
காலைச் சாப்பாட்டோடு.

உப்பளத்துப் பக்கம் தரை பலகைபோல இறுக்கம்,
ஆனால் ஆறு மணிக்கே நுளம்புகள்
இரத்தப் பரிசோதனைக்கு வந்துவிட்டன.
அதற்கும் அங்கால் ஒரு நல்ல வெளி.
வெளியின் நடுவே சிவப்புப் பலகை,
பலகையில் எழுத்து அழிந்திருந்தது.
அழிந்த எழுத்தை நான் நம்பவில்லை.

பொழுது பட்டபிறகு
இறக்கக்கண்டிப் பாலம் தாண்டி
ஒரு சீமெந்துத் தரை.
கூரை இல்லை.
ஒரு பக்கம் முழங்கால் உயரத்துக்குச் சுவர், அவ்வளவுதான்.
பிறேம் ரசமட்டத்தை வைத்து ரோச் அடித்தான்.
குமிழி நடுவுக்கு வந்து
அசையாமல் நின்றது.
முழுக் கரையிலும் அப்படி ஒரு மட்டம் இல்லை.
சந்தோசத்தில் அவன் என்னைக் கட்டிப்பிடித்தான்.

சில்லுகளுக்குக் கல் அணை கொடுத்தோம்.
அடுப்புக்குக் காற்றுப் படாத மூலை தேடி
அந்த அரைச் சுவரின் மறைவில் குந்தினேன்.
தேநீர் கொதிக்கும்போதுதான் கண்டேன்,
சுவரடியில் தண்ணீர் வெளியே போக
ஒரு சின்னத் துவாரம்.
எனக்கு முதலே யாரோ ஒருத்தி
இந்தக் காற்றைக் கணக்குப் பார்த்திருக்கிறாள்.

"இது யாற்ற வளவு?" என்றான் பிறேம், படுத்தபிறகு.
கடலைக் கேட்கலாம்.
கேட்கவில்லை.

விடிய ஸ்கூட்டிச் சத்தம்.
ஜெஸீமா என்று பெயர் சொன்னார்,
கையில் அளவுநாடா, பின்னால் மேசன் பாஸ்.
நான் மன்னிப்புக்குச் சொல் தேடமுன்
"நீங்க நிக்கிறது எங்கட படுக்கையறை" என்றார்.
"போகச் சொல்லல்ல.
கொஞ்சம் முன்னுக்கு எடுங்க, அளக்கோணும்."

"எங்க எடுக்கிறது?"

"ஹோலுக்கு."

வானை உயிர்ப்பித்து
ஒரு வீட்டின் அறையிலிருந்து ஹோலுக்கு
பன்னிரண்டு அடி ஓட்டினேன்.
சுவர் இல்லாத இடத்திலும்
கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து, இடிக்காமல்.

நாடாவின் மறுமுனையைப் பிறேம் பிடித்தான்.
ஜெஸீமா சொல்லச் சொல்ல நான்
படகு ரிக்கற்றின் பின்பக்கம் எழுதினேன்:
பத்தரை. பன்னிரண்டே கால்.
குசினி ஒன்பது.
எட்டு மணி எப்போதோ போய்விட்டது.

"யன்னல் எங்க?" என்றார் பாஸ்.
யோசிக்காமல் பிறேம் கடலைக் காட்டினான்.
தூரத்தில் புறாமலை வெயிலில் கிடந்தது,
சட்டம் போட்டு மாட்டலாம்போல.

"அங்கால வேணாம்" என்றார் ஜெஸீமா.
"அங்காலயிருந்துதான் வந்திச்சு."

பாஸ் பென்சிலைக் காதில் செருகினார்.
பிறேம் கையை மடக்கிக்கொண்டான்.
கிணற்றடியில் ஒரு காகம்
எங்கள் பாணை எடுத்துக்கொண்டு போனது,
யாரும் விரட்டவில்லை.

"சின்னதா ஒண்டு வைங்க."

எவ்வளவு சின்னது என்று கேட்டார் பாஸ்.
ஜெஸீமா இரண்டு கைகளையும் அகட்டிப் பிடித்தார்,
கொஞ்சம் ஒடுக்கினார்,
பிறகு மீண்டும் கொஞ்சம் அகட்டினார்.
பாஸ் அந்தக் கைகளுக்கிடையே நாடாவை வைத்தார்.

இரண்டடி ஒரு அங்குலம்.
எழுதிக்கொண்டேன்.