இடது மரை

"வரவே மாட்டேங்குதுக்கா" என்றான் சூசை.
எதிர்ப்பக்கம் திருப்பு என்று சொல்ல வாயெடுத்தேன்,
அதற்குள் முறிந்தது.
ஒன்றோடு நிற்கிற பிள்ளையா?
அடுத்த நட்டுக்கு ஸ்பேனரில் பைப்பைச் செருகி
மேலே ஏறியே நின்றான்.
மோல்மேன் முழுக்கக் கேட்டிருக்கும் அந்தச் சத்தம்.

நாற்பத்து மூன்றாம் வருடத்து வில்லிஸ் ஜீப்.
முடோன் தோட்டத்திலிருந்து
ரப்பர் ஷீட் ஏற்றி வருவது.
புளித்த பால் வாடை சீட்டுக்குள் குடியிருக்கிறது.
வலப்பக்கச் சக்கரங்கள் ஊரோடு ஒத்துப்போகும்.
இடப்பக்கம் மட்டும் மரை எதிராக வெட்டியது.
ஓட ஓட நட்டு கழன்றுவிடக் கூடாதென்று
எந்தத் தேசத்திலோ ஒருவன்
உட்கார்ந்து யோசித்திருக்கிறான்.
சாமியை வலம் வருவதுபோல் சுற்றினால்தான் கழலும்.
போல்ட் முனையில் எல் என்று எழுத்தும் உண்டு.
"கம்பெனி பேருன்னு நெனச்சேன்" என்கிறான்.

கடைசல்காரர் ஸௌ மின்
பார்க்கலாம், கரண்ட் வரட்டும் என்றார்.
கரண்ட் வந்த ராத்திரி அவர் தூங்கிப்போனார்.
முடோன் பழைய இரும்புக் கடையில்
ஒரு மூட்டை போல்ட்டைத் தரையில் கொட்டி
ஒவ்வொன்றாய் விரலால் தடவினேன்.
எல்லாம் நல்ல பிள்ளைகள், எல்லாம் வலது.
"இடது மரையா? ஒனக்குத்தான் மரை கழன்டிருக்கு"
என்று கடைக்காரன் சிரித்தான்,
தமிழில்.
அவன் ஆத்தா பேர் பஞ்சவர்ணமாம்.
சிரித்து முடித்துவிட்டு ஒரு வீட்டைச் சொன்னான்.

தான்பியூசயாட்.
ரயில் போட வந்து திரும்பாத நம் ஆட்கள்
பேரில்லாமல் கிடக்கிற மண்.
அதைத் தாண்டிக் கடைசித் தெரு.
மி தான் என்கிற மோன் பொம்பளை,
தனி ஆள், கன்னத்தில் தனக்கா,
மாடியில் நெல் மூட்டை.
வாசல் கதவுக்குக் குறுக்கே இரும்புப் பட்டை,
அதைப் பிடித்துக்கொண்டு ஐந்து நட்டு.
அரை இஞ்ச்.
குனிந்து பார்த்தேன்.
எல்.
எல். எல். எல். எல்.

பூட்டு வாங்கவில்லையா என்றேன்.
பூட்டை யாரும் உடைப்பான் என்றாள்.
போன மழைக்கு ஒருத்தன் ஸ்பேனரோடு வந்தானாம்.
விடியவிடியத் திருப்பியிருக்கிறான்.
"காலையில எனக்கே கழட்ட முடியல,
அவ்வளவு நல்லா இறுக்கிக் குடுத்துட்டுப் போயிருக்கான்."

காசு வேண்டாம் என்றாள்.
கொல்லையில் கைப்பம்பு காற்றை மட்டும் இறைத்துக்கொண்டிருந்தது.
பிரித்தேன். வாஷர் தோல் மக்கிப்போயிருந்தது.
சூசையின் செருப்பை வாங்கி
வாரை வட்டமாய் வெட்டினேன்.
அவன் ஒன்றும் பேசவில்லை.
பேசுகிற நிலைமையில் அவன் இல்லை.

நாலாவது அடியில் தண்ணீர் வந்தது, முதலில் துரு நிறத்தில்.
அவள் போய்க் கதவருகே நின்றாள்.
யோசிக்கவேயில்லை அந்தக் கை.
வலமாக ஒரு சுற்று, இரண்டு, மூன்று,
சுத்தியலால் பின்னாலிருந்து தட்டு.
இரண்டு போல்ட் என் உள்ளங்கையில், சூடாய்.
மீதி மூன்றை இறுக்கிவிட்டு
என்னைப் பார்த்தாள்.
கொஞ்ச நேரம் பார்த்தாள்.

முப்பது வருடமாய்
அவள் ஒருத்திக்கே தெரிந்த திசை
இப்போது எனக்கும் தெரியும்,
ஒற்றைச் செருப்போடு நிற்கிற இவனுக்கும் தெரியும்.

ஜீப் மறுநாளே ஷீட் ஏற்றப் போய்விட்டது.
சூசை இப்போதெல்லாம் எந்த நட்டையும்
முதலில் விரலால் தொட்டுக் கேட்கிறான்.
இதை எழுதலாமா என்று நாலு நாள் யோசித்தேன்.
ஊர் பேரை மாற்றியிருக்கிறேன்.
அவள் பேரையும்.
எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதை
மாற்றியிருக்கிறேனா இல்லையா,
அதைச் சொல்வதாக இல்லை.