நான்கு இருபது பத்து

பீன்யா இரண்டாம் ஸ்டேஜில்
கம்பெனிக்குப் பூட்டு விழுந்த பதினோராம் நாள்
கியூபெக்கில் ஆள் எடுக்கிறார்கள் என்றாள் ரெஜினா.
லேத்தும் சி.என்.சி.யும் ஓட்டத் தெரிந்தவர்கள் அங்கே குறைவாம்.
ஆறு மாதம் பனியாம்.
பிரெஞ்சு மட்டும் வேண்டுமாம்.

அந்த ‘மட்டும்’
அப்போது என் காதில் சரியாக விழவில்லை.

கம்மனஹள்ளியில், கேக் கடைக்கு மேல் மாடியில்,
கொஸ்ஸி சொல்லித் தருகிறான். டோகோ நாட்டுக்காரன்.
மணிக்கு முந்நூறு, நாலு பேர் சேர்ந்தால் தலைக்கு இருநூறு.
பி.காம். படிக்க வந்தவன்.
படிப்பு கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை.
போகிற ஆபீஸிலெல்லாம்
முதலில் பாஸ்போர்ட்டைப் பார்க்கிறார்கள்,
பிறகு தலைமுடியை,
பிறகு கடிகாரத்தை.

முதல் பாடம்: ஜே.
நான் வைத்திருக்கிறேன்.
முப்பத்து நாலு வயது ஆகிறது என்று சொல்லக்கூடாது,
முப்பத்து நாலு வருடங்களை வைத்திருக்க வேண்டும்.
பசியையும் அவர்கள் வைத்திருக்கிறார்கள்,
குளிரையும், பயத்தையும்,
ஏதோ பீரோவில் மடித்துவைத்தது போல.
“உங்கள் மொழியில் இதற்கு என்ன வினை?” என்றான்.
யோசித்தேன்.
பஸ் ஹெப்பாள் தாண்டும் வரை யோசித்தேன்.
எங்களுக்குப் பசிக்கும். குளிரும்.
எனக்கு வேலை இருந்தது.
அது பாட்டுக்கு இருந்தது.
அது பாட்டுக்குப் போனது.

தொண்ணூறுக்கு நான்கு இருபது பத்து என்றபோது
வகுப்பே சிரித்தது.
நானும்தான்.
பாதியில் நிறுத்திக்கொண்டேன்.
தொண்ணூறுக்குள் நூறு எப்படி நுழைந்தது என்று
இவன் திருப்பிக் கேட்டால்?

நேர்முகம் இரவு ஏழரைக்கு.
அவர்களுக்கு அப்போது காலை.
குக்கரில் சாய்த்துவைத்த போனில்
“மதாம் மாசிலாமணி” என்றது ஒரு குரல்.
ஒரு நொடி, அப்பாவைத் தேடி வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.
யஷ்வந்த்பூர் யார்டில் வெங்காய மூட்டை தூக்கியவர்.
ஒரு கம்பெனியும் அவரை இப்படிக் கூப்பிட்டதில்லை.
குடும்பப்பெயர்க் கட்டத்தில்
வேறு எதை எழுதுவது என்று தெரியாமல்
நான்தான் அவரை எழுதியிருந்தேன்.

உங்கள் பலவீனம் என்ன?
கொஸ்ஸி எழுதித் தந்த பதில் மனப்பாடம்:
நான் அளவுக்கு மீறி உழைக்கிறேன்.
அந்த நேரம் பார்த்துத்தானா
ஓனர் வீட்டு மோட்டார் போட வேண்டும்?
வாக்கியம் தண்ணீரோடு மாடி ஏறிவிட்டது.
ஜே, என்றேன். ஜே.
பயத்தை வைத்திருக்கிறேன்.
இதையும் வைத்திருக்கிறேன் என்று
கடைசி ஷிஃப்டில் நான் கடைந்த
வெண்கல புஷ்ஷைத் திரைக்கு நேரே பிடித்தேன்.
அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு
கிட்டே வந்து பார்த்தார்.
பார்த்துக்கொண்டே இருந்தார்.
எழுதுகிறோம் என்றார்.
பிரெஞ்சில் எதிர்காலத்துக்கு
எவ்வளவு அழகான விகுதிகள்.

மூன்று வாரம் ஆயிற்று.

இதற்கிடையில் கொஸ்ஸியை
மாதக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள்.
ராமமூர்த்தி நகரில் ஒரு ரூம்.
அவனுக்காகக் கன்னடத்தில் போன் பேசியது நான்.
யாருக்கு என்றார்கள்.
நம்ம மேஷ்ட்ரு என்றேன்.
அரவத்து சாவிர அட்வான்ஸ், வந்து பாருங்கள்.

போனோம்.
ஓனர் கதவைத் திறந்தார்.
என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பார்த்தார்,
கதவைக் கொஞ்சம் ஒருக்களித்துக்கொண்டார்.
தொம்பத்து சாவிர என்றார்.

மேஷ்ட்ரு, மேஷ்ட்ரு என்று நானும்
இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன்.

படியில் இறங்கும்போது எவ்வளவு என்று கேட்டான்.
அவன் கற்றுத்தந்தபடியே சொன்னேன்:
நான்கு இருபது பத்து, ஆயிரம்.
உச்சரிப்பு நன்றாக இருக்கிறது என்றான்.

கேட்டைச் சாத்திவிட்டு
பர்ஸைத் திறந்து பார்த்து
“ஜே…” என்று தொடங்கினான்.

அதற்குப் பிறகு
எதுவும் வரவில்லை.