முப்பத்தெட்டு விநாடி

மூலைக்கரைப்பட்டிக்குத் தெற்கே
உடங்காட்டை ஒட்டினது எங்கள் விளை.
மூன்று ஏக்கர் கடலை, பதினேழு வெள்ளாடு,
ஒரு போர். அதில் தண்ணீர்
மனசு வந்தால் வரும்.

ஆனியில் முதல் குட்டி போனது.
உடம்பெல்லாம் வெள்ளை, ஒரு காதில் மட்டும் மை.
பட்டிப் படல் அடைத்தபடியே இருந்தது.
அடியில் ஒரு சட்டி அளவு மண் பறித்திருந்தது.
"நரிதான்" என்றான் கொம்பையா,
குனிந்து மோந்து பார்த்துவிட்டு,
சொந்தக்காரன் யாரோ வந்து போனதுபோல.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்.
சேலையைக் கட்டு என்றார்கள்.
கட்டினேன். என் கல்யாணப் பச்சைக்குக் கீழே நுழைந்து
இரண்டாவது குட்டியைக் கொண்டுபோனது.
சலூனில் மயிர் வாங்கித் தூவு என்றார்கள்.
தூவினேன். ஊர் ஆம்பளைகள் அத்தனை பேரும்
என் வரப்பில் காவல் கிடந்தார்கள்.
ஒருத்தனும் ஒரு அதட்டு அதட்டவில்லை.
அவுட்டுக்காய் வைக்கலாம் என்றான் ஒருவன்.
அதைக் கடித்த பசு ஒன்று
தாடையில்லாமல் மூன்று நாள் நின்றதைப்
பார்த்தவள் நான்.
வேண்டாம் என்றேன்.

ஆடியில் வள்ளியூர் போய்
ஸ்பீக்கர் பெட்டி வாங்கி வந்தான் கொம்பையா.
தலையில் சோலார் தகடு. ஆயிரத்து எழுநூறு.
நாமே பேசிப் பதியலாமாம்.
போர் மேடையில் ஏறி நின்று, தொண்டையைச் செருமி:

ஏய்... ஏய்ய்... யாருலே அது
ஓடு மூதி
எல, அந்தக் கம்ப எடு
ஹோ... ஹோ... ஹோ...
ஏட்டி, பதிஞ்சிருக்கா?

கடைசி வரியை அழிக்க
இரண்டு பேருக்கும் தெரியவில்லை.
முப்பத்தெட்டு விநாடி.
முடிந்ததும் மறுபடி யாருலே அது.

ஆவணியில் அவன் ஓசூருக்குக் கம்பி கட்டப் போனான்.
போனில் ரெண்டு நிமிஷம். சாப்பிட்டியா, பணம் வந்துதா.
விளையில் மட்டும் விடிய விடியப் பேசினான்.
ஏட்டி, பதிஞ்சிருக்கா?
முதல் வாரம் சிரித்தேன்.
அடுத்த வாரம்
பதிஞ்சிருக்கு, படும் என்று
பாயில் புரண்டு முனகினேன்.

மூன்றாம் வாரம் நிலவில் பார்த்தேன்.
பெட்டிக்குப் பத்தடியில் இரண்டு நரி
வாலை மடக்கி உட்கார்ந்து
அவன் ஏசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தன.
ஹோ ஹோ வந்தபோது
பெரியது காதைச் சொறிந்தது.
நரி முகத்தில் விழித்தால் யோகம் என்பார்கள்.
இரண்டு முகத்தில் விழித்திருக்கிறேன்.
விடிந்து எண்ணினால்
ஒரு குட்டி குறைகிறது.

அன்று ஆட்டை அவிழ்க்காமல் தடம் பார்த்துப் போனேன்.
என் விளைக்கு வருகிற தடம் கொஞ்சம்தான்.
ஓடைக்குப் போவது
ஒற்றையடிப் பாதையாகவே தேய்ந்திருந்தது.
பாலத்தடியில் கோழிக் குடல், தலை, இறகு,
மூட்டை மூட்டையாக.
சாக்கில் தங்கப்பழம் பிராய்லர்ஸ் என்று அச்சு.
விருந்து அங்கே நடந்திருக்கிறது.
போகிற வழியில் வெற்றிலை போட
என் பட்டிக்கு வந்திருக்கின்றன.

"எல்லாரும்தான கொட்டுதான்" என்றார் தங்கப்பழம்,
கத்தியைத் துடைத்தபடி.
நான் வாதாடவில்லை.
பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்
அவர் மாடி ஜன்னலுக்கு எதிரே,
ரோட்டோர வேப்பமரத்தில் கட்டினேன்.
மூன்று ராத்திரி.
நாலாம் நாள் ஓடையில் ஜேசிபி நின்றது,
குழி வெட்டி, மூட்டைகளைத் தள்ளி, மூடி.

பட்டியைச் சுற்றி ஒரு முழம் தோண்டி
வலையும் சல்லியும் புதைத்தேன்.
கை இரண்டும் கொப்புளம்.
நரி இன்னும் வருகிறது.
கடலைக்குள் எலி பிடிக்கிறது. பிடிக்கட்டும்.

"பெட்டி என்னாச்சு?" என்றான் போனில்.
அணைச்சு வச்சிருக்கேன் என்றேன்.
"ரிப்பேரா?"
இல்ல. மூணாம் ராத்திரி
தங்கப்பழம் வீட்டம்மா மாடியில வந்து நின்னு
ஊரே கேக்கக் கத்துனாளாம்:
பதிஞ்சிருக்குவே, போய்ப் படும்!

சிரிப்பான் என்று பார்த்தேன்.
"எந்த ராத்திரி?" என்று கேட்டான்,
"எத்தன மணிக்கு?"