பத்துக் கிராம் நூல்

துண்டில் இரண்டு இடம் எழுதியிருந்தது.
இயன்மருத்துவம்.
மறுகா, பாதக் கிளினிக்.

எங்கட தெருவில் ஆளுக்கொன்று சொல்லி அனுப்பினார்கள்.
கரண்ட் பிடிப்பாங்களாம்.
மெழுகு உருக்கி ஊத்துவாங்களாம்.
காலை முறுக்கிச் சடக்கென்று எடுப்பாங்களாம்.
பொத்தான் கடை சித்தி பரீதா மட்டும்
"ஒண்டும் செய்யமாட்டாங்க, கேள்விதான் கேப்பாங்க" என்றாள்.
அதுக்குத்தான் கூடப் பயந்தேன்.

காத்தான்குடியில் ஏறி
கல்லடிப் பாலம் முடியும் வரை நின்றேன்,
குதிக்காலைத் தரையில் வைக்காமல்.

யசோதினி மிஸ் முதலில் காலைத் தொடவேயில்லை.
நடக்கச் சொன்னாள்.
சுவரிலிருந்து கதவுக்கு,
கதவிலிருந்து சுவருக்கு.
தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.
அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.
உடுத்திக் காட்டுகிறவளின் சட்டையில்
எந்தத் தையல் இழுக்குதென்று நான் தேடுவது அப்படித்தான்.

"எந்தக் காலால மெஷின் மிதிக்கிறீங்க?"

முப்பத்தொரு வருசம்.
யாரும் கேட்டதில்லை.
கண்ணை மூடி,
காற்றில் இரண்டு தரம் மிதித்துப் பார்த்துத்தான்
வலது என்றேன்.

தரையில் துவாய் விரித்து
விரலால் சுருட்டச் சொன்னாள்.
துணிதானே, என் சொல் கேட்கும் என்று நினைத்தேன்.
பெருவிரல் மட்டும் வந்தது.
மற்ற நாலும்
கலியாண வீட்டில் கோபித்துக்கொண்ட சொந்தம் மாதிரி
அப்படியே இருந்தன.

படி விளிம்பில் குதிக்காலைத் தொங்கவிட்டு
முப்பது எண்ண வேண்டும்.
பதினேழில் கண் கலங்கியது.
"நோகுமா மிஸ்?"
"நோகும்.
பத்துக்கு நாலு எண்டா பரவாயில்ல.
ஏழுக்குப் போனா நிப்பாட்டுங்க.
அடுத்த நாளும் நோ இருந்தா
கூடச் செஞ்சிட்டீங்க எண்டு அர்த்தம்."
நோவுக்கும் அளவு நாடா வைத்திருக்கிறார்கள்.

எப்ப சுகமாகும் என்றதற்கு
"ஆறு கிழமை, பன்னிரண்டு கிழமை,
வீட்டில செஞ்சாத்தான்."
பெருநாள் உடுப்புக்கு வருகிறவர்களுக்கு
நானும் திகதி சொல்வதில்லை.

பாதக் கிளினிக்கில்
பல்தசார் மிஸ்
செருப்பைத்தான் முதலில் கையில் எடுத்தாள்.
உள்ளே விரலை விட்டுத் தடவி
ஒரு குண்டூசியை உருவினாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
தட்டில் வைத்தாள். சின்னச் சத்தம்.

அதன்பிறகு ஒரு நைலோன் நூல்,
பிடியில் செருகியது, விரலளவு நீளம்.
நூலில் சோறு தின்றவளுக்கு
நூலால் பரிசோதனை.
எனக்குச் சிரிப்பு வந்தது.
"பத்துக் கிராம் பாரத்துக்கு வளையுற நூல் இது.
கண்ண மூடுங்க. பட்டா ஓம் சொல்லுங்க."

ஓம்.
ஓம்.

ஓம்.

மறுகா ஒன்றுமில்லை.
மின்விசிறி சுற்றியது.
வெளியே யாரோ ஐம்பத்திரண்டு, ஐம்பத்திரண்டு
என்று கூப்பிட்டார்கள்.
பள்ளிக்கூடத்தில் நான் பார்த்து எழுதியதில்லை.
அன்றைக்குக் களவு செய்தேன்.
இவ்வளவு நேரமாகிவிட்டதே, இப்போது தொட்டிருப்பாள்
என்று கணக்குப் பார்த்து
ஓம் என்றேன்.

"இப்ப நான் தொடல்ல."

கண்ணைத் திறந்தபோது
பெருவிரலின் அடியிலும் நடுவிரலுக்குக் கீழேயும்
பேனையால் சின்னப் பெருக்கல் குறி.
பிரித்துத் தைக்க வேண்டிய இடத்தில்
சோக்கால் நான் போடுவது.

நோகிற காலோடு போனேன்.
நோகாத இரண்டு இடத்தைக்
கொப்பியில் எழுதித் தந்தார்கள்.
ஒவ்வொரு ராவும் பார்க்க வேண்டும்.
வெறுங்காலோடு முற்றத்துக்கும் இறங்கக் கூடாது.
செருப்பைத் தட்டிப்போட்டே கால் நுழைக்க வேண்டும்.
சுடுதண்ணீரை முழங்கையால் பார்க்க வேண்டும்,
குழந்தையைக் குளிப்பாட்டுகிறவள் போல.

ஊசியைக் கேட்டு வாங்கி வந்தேன்.
வளையாத நல்ல ஊசி.

இப்போது அசருக்குப் பிறகு
மெஷினுக்குக் கீழே ஒரு துவாய் கிடக்கிறது.
அளவு கொடுக்க வந்த பிள்ளை
"என்ன மாமி, துணி விழுந்து கிடக்கு" என்று குனிகிறது.
இருக்கட்டும் மகள், அது என்ட வேலை.

ராவில் கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து
பாதத்தை அதில் காட்டுகிறேன்.
பேனைக் குறி மூன்றாம் நாளே அழிந்துவிட்டது.
இடம் தெரியும்.

இது நாலாம் கிழமை.
நேற்றுச் சின்ன விரல்
துவாயின் ஓர் இழையைப் பிடித்தது.
பிடித்து,
விட்டுவிட்டது.