ஆறாம் எண் இறைப்பு நிலையம்

ஐந்து ஊர்களின் குளியலும் கழுவலும்
என் திரையில் ஒரே பச்சைக் கோடு.
காலை ஆறரைக்கு எழும்பும்,
நள்ளிரவில் படுக்கும்.

சுப்பீரியர் ஏரி கரைவரை உறைந்த ஜனவரி.
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்து நான்கு.
உள்ளே வரும் தண்ணீருக்கு மட்டும் இன்னும் சூடு:
யாரோ பாத்திரம் துலக்கிய சூடு,
கட்டணத்தை மறந்து யாரோ நெடுநேரம் குளித்த சூடு.

கம்பிச் சல்லடையில் சிக்குவதை ரெய்னோ வாரி எடுப்பான்:
ஈரத்துடைப்பான்கள், ஒரு பல்செட்டு,
பொம்மைக் குதிரையின் பின்பாதி.
"கரையும்னு உறையில போட்டிருக்கு" என்பான்
கரையாததை வண்டியில் கொட்டியபடி.

பிறகு காற்றுத்தொட்டி.
எங்கள் நிஜ ஊழியர்கள் அங்கே,
கண்ணுக்குத் தெரியாதவர்கள்,
தின்பதே வேலை, விடுப்புக் கேட்பதில்லை.
அவர்கள் நலமென்றால் தொட்டி ஈரமண்ணாய் மணக்கும்.
போன வருடம் யாரோ தின்னர் ஊற்ற
நான்கு நாள் நுரை தள்ளிக் கிடந்தார்கள்.

ஆறாம் எண் நிலையம் ஹாலுனென் சாலைக் கடைசியில்.
பதினொரு வீடுகள்; பத்து, கோடைக்கு மட்டும்.
பனிக்காலத்தில் அங்கே மட்டம் உயர்ந்தால்
அது ஐரிஸ் மட்டிலா.
முகம் தெரியாது. கட்டண உயர்வை எதிர்த்த மனுவில்
நான்காவது கையெழுத்து.
இரவு மூன்று பத்துக்கு
ஒரு விரற்கடை உயரும். தினமும்.
ஏன் அந்நேரம் என்று கேட்பது என் வேலையல்ல.

வியாழன் உயரவில்லை.
வெள்ளி. சனி.
ஞாயிறு காலை, 'பம்பு சோதனை' என்று எழுதிவிட்டு
வண்டி எடுத்தேன்.
வாசலில் கார் இல்லை,
சக்கரத் தடத்தின்மேல் புதுப்பனி.
எழுதியது பொய்யாகக் கூடாதே என்று
கிணற்று மூடியைத் திறந்து, பார்த்து, மூடினேன்.

திங்கள் இரவு
ஒன்று இருபதுக்கு உயர்ந்தது.
மூன்றுக்கு. நாலே முக்காலுக்கு.
ஐந்தரைக்கு, ஒரு சலவை இயந்திரம் அளவுக்கு.
செவ்வாயும் அப்படியே. புதனும்.

"கசிவு" என்றான் ரெய்னோ.
"பனி உருகி உள்ளே இறங்குது."
இந்தக் குளிரில் எது உருகும்?
மூன்று பிள்ளைகளின் தகப்பன்,
கோட்டை இன்னொரு முறை பார்த்தான்.
"ஓ" என்றான்.

குறிப்பேட்டில் எழுதினேன்:
ஆறாம் எண். இரவு வரத்து கூடியுள்ளது.
கோளாறில்லை.

வேலை முடிந்து குழாய்வாய்ப் பக்கம் போனேன்.
தெளிந்து, புற ஊதா விளக்குகளைக் கடந்து வந்த தண்ணீர்
பனிக்கட்டியில் ஒரு கறுத்த வட்டத்தைத்
திறந்தே வைத்திருந்தது.
அதில் நாற்பது வாத்துகள்.
எண்ணினேன், நாற்பத்தொன்று.