பிளெக்ஸ், பதினான்குக்கு எட்டு

கஸ்தூரியார் வீதியில் நான் வேலை செய்யும் கடை.
பூப்புனித நீராட்டு, அந்தியேட்டி, திறப்பு விழா
எல்லாம் ஒரே இயந்திரத்தின் வாயால்
மை மணத்தோடு வெளியே வரும்.

பாஸ்ரர் கிளறன்ஸ் நாலாம் முறையாக வந்தார்.
முதல் வந்தபோது சகோதரர்.
பிறகு பாஸ்ரர், பிறகு தீர்க்கதரிசி.
"இந்த முறை அப்போஸ்தலர் எண்டு போடும் தம்பி,
பேரைவிடக் கொஞ்சம் பெரிசா."

போட்டேன்.
தங்க நிறம், கீழே நிழல்,
பின்னால் நெருப்பு, நெருப்புக்குள் ஒரு புறா,
எப்படி வேகாமல் இருக்கிறதோ.
"இன்னும் பெரிசா" என்றார்.
இயேசுவின் பெயர் மூலைக்குப் போனது.
"பரவாயில்லை, அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

நான் குருநகர்ப் பெடியன்.
நாங்கள் திருத்தூதர் என்போம்.
எங்கள் ஒழுங்கையின் சிற்றாலயத்தில்
பன்னிரண்டு பேரும் சுவரில் நிற்கிறார்கள்,
ஒருவருக்கு மூக்கில்லை, ஷெல் கொண்டுபோனது.
இரண்டு சொல்லுக்கும் பொருள் ஒன்றுதான்:
அனுப்பப்பட்டவர்.
அனுப்பினது ஆர் என்று கேட்க வாயெடுத்தேன்.
முற்பணம் மேசையில் இருந்தது.

இந்த ஊரில் அனுப்பப்படாதவர் ஆர்?
என் அண்ணனை ஏஜென்சிக்காரன் அனுப்பினான்,
காணி விற்ற காசில், மொஸ்கோ வரைக்கும்.
அங்கிருந்து ஒரு காட்டின் பெயர் மட்டும் வந்தது.

யூதாசின் இடம் வெறுமையானபோது
சீட்டுப் போட்டார்களாம்.
மத்தியாவுக்கு விழுந்தது.
விழாத மற்றவனைத்தான் நான் நினைப்பேன்,
யுஸ்து என்று பெயர்.
அன்று பின்னேரம் அவன் என்ன செய்திருப்பான்?
கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போனானா,
வந்தவர்களுக்குப் பாய் விரித்தானா,
கால் கழுவ வாளியில் தண்ணீர் அள்ளி வைத்தானா?
அதற்குப் பிறகு அவனைப் பற்றி
ஒரு வரியும் இல்லை.

எமரென்சியா அக்கா பாசையூர்ச் சந்தையில்
மீன் வெட்டிக் கொடுப்பவ.
பத்து மணிக்குக் கத்தியைக் கழுவிச் சுற்றி வைத்துவிட்டு
சைக்கிளை எடுப்பா.
சீனி வருத்தத்தில் கால் அழுகிய ஆட்கள்
மூன்று ஒழுங்கைக்குள் ஐந்து பேர்.
கட்டை அவிழ்த்து, புண்ணைக் கழுவி,
வாய்க்கு வந்ததைப் பேசிச் சிரிக்க வைப்பா.
ஒருவர் சைவம். ஒருவர் எதையும் நம்பாதவர்,
அவவோடு சண்டை பிடிக்கவே காத்திருப்பார்.
உங்களை ஆரக்கா அனுப்பினது என்று கேட்டேன்.
"ஆர் அனுப்பிறது?
மனுசன் கத்துது. கேக்குது. போறன்."

ஒருநாள் கடையில் ஆளில்லாத நேரம்
அவவின் பெயரை அதே தங்க நிறத்தில்
எழுதிப் பார்த்தேன்.
நன்றாக இல்லை. அழித்துவிட்டேன்.

மூன்று நாள் கூட்டம்.
நானும் ஒருநாள் பின்வரிசையில் இருந்தேன்.
மகனின் படத்தைப் பிடித்தபடி ஒரு தாய் அழுதது உண்மை.
அப்போஸ்தலர் அவ தலையில் கை வைத்ததும்
நெஞ்சு கொஞ்சம் லேசானதும் உண்மைதான்.
அதை எழுத்தின் அளவால் அளக்க எனக்கு ஏலாது.
மிச்சக் காசு இன்னும் வரவில்லை,
அது வேறு கணக்கு.

பிறகு வாடை தொடங்கியது.
சந்தியில் பிளெக்ஸ் ஒரு இரவு முழுக்க அடித்துக்கொண்டு
விடிய முன்னம் காணாமல் போனது.

கிழமை இரண்டு கழித்துக் கரையில் கண்டேன்.
மடுத்தீனார் அதை அளவாக வெட்டித்
தன் படகின் எஞ்சினை மூடிக் கட்டியிருந்தார்.
நெருப்பு இல்லை, புறா இல்லை,
ஆளின் பெயரும் இல்லை.
உப்புப் பூத்த தங்க எழுத்து மூன்று மட்டும்
என்னைப் பார்த்துக்கொண்டு:

அப்போ

காற்று ஏறிக்கொண்டிருந்தது.
படகைக் கரையேற்ற அவருக்கு ஆள் போதவில்லை.
"என்ன வாசிச்சுக்கொண்டு நிக்கிறீர்?
இஞ்சாலை வந்து ஒரு கை பிடியும்."