ஏழாம் படுக்கை

ஸ்லைகோவில், எலும்பு முறிவு வார்டில்
என் முதல் வாரம்.
ஏழாம் படுக்கை. மாலக்கி கில்ஹூலி. இடுப்பு.
டிராக்டரிலிருந்து விழுந்தவர்.
பிறகு டிராக்டரும் கொஞ்சம் அவர்மேல் விழுந்தது.

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்
வலியை எண்ணாக்கி அதில் அடைக்க வேண்டும்.
இப்போது எவ்வளவு, என்று கேட்டேன்.
"கிராண்ட்" என்றார்.

எனக்குத் தெரிந்த கிராண்ட்
அரை முழ ஜரிகையும் மூன்று பாயசமும்,
மண்டப வாசலில் உறுமும் ஜெனரேட்டரும்.
இவரோ தலையணை உறையை
ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்கிக்கொண்டு சொல்கிறார்.

கட்டத்தைக் காலியாக விட்டேன்.
அடுத்த ஷிப்டுக்கு வந்த டெர்வ்லா
அவரை ஒருமுறை பார்த்துவிட்டு
ஆறு என்று எழுதினாள்.
ஆறு சரிதானா என்றேன்.
"கிராண்ட்" என்றாள்.

அதன்பின் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தேன்.
தேநீர் வண்டியிலிருந்து சர்க்கரை நீண்டால்
"நான் கிராண்ட்": அது வேண்டாம்.
கட்டிலில் இடித்துவிட்டு நான் பதறினால்
"நீ கிராண்ட்": அது பரவாயில்லை, போ.
மழை சாய்வாகப் பெய்தால் நாள் கிராண்ட்.
நேராகப் பெய்தால்
யாரும் நாளைப் பற்றிப் பேசுவதில்லை.
எதிர்ப்படுக்கை பேட்ஸியின் காளை
சந்தையில் இரண்டு கிராண்டுக்குப் போனது.
இரண்டாயிரம் யூரோ.
வார்டு முழுக்கத் தேடியதில்
எண்ணோடு அகப்பட்ட கிராண்ட் அது ஒன்றுதான்.

மாலையில் அட்ராக்டா வருவாள்,
நனைந்த கோட்டைக் கழற்றாமலே உட்காருவாள்.
மாடுகள்? கிராண்ட்.
கொட்டகைக் கூரை? கிராண்ட்.
பெர்த்திலிருந்து பையன் போன் செய்தானா?
கிராண்ட்.
அந்தக் கேள்விக்கு அது பதிலே இல்லை.
மாலக்கி தலையாட்டினார்.
இருவரும் வெகுநேரம்
பிரிக்காத திராட்சைப் பொட்டலத்தைப்
பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
"கிராண்ட், அப்போ" என்று அவள் எழுந்தாள்.
அது போய் வருகிறேன்.

விடியற்காலை மூன்று மணி.
அவர் விழித்திருந்தார்.
எண் கேட்கவில்லை நான்.
தூங்கினீர்களா என்றேன்.
"கிராண்ட்."
அரை மூச்சு தாமதமாக வந்தது
அந்த ஒற்றைச் சொல்.

எட்டு என்று எழுதினேன்.
கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்.
"எட்டா? அதிகம். ஆறு போடு."
இந்த முகத்துக்கு ஆறு கட்டாது என்றேன்.
"ஆறரை."
எட்டுக்குக் கீழே இறங்க மாட்டேன்.
பேட்ஸி இருட்டில் செருமினார்,
ஏலத்தில் தானும் இருப்பவர்போல.
ஏழரையில் முடிந்தது.
எங்கள் பக்கம் அது நல்ல எண் இல்லை,
ஏழரை பிடித்தால் லேசில் விடாது என்று
அவரிடம் சொல்லவில்லை.
படிவத்தில் அரைக்கு இடமுமில்லை.
எட்டையே வைத்துக்கொண்டு
மருந்தை ஏற்றினேன்.

ஆறரைக்கு வார்டு போன் அடித்தது.
அட்ராக்டா. பின்னால் நாய் குரைப்பு,
எங்கோ ஒரு வாளி உருளும் ஓசை.
இரவு எப்படி இருந்தார்?

கையில் படிவம் இருந்தது. எட்டு இருந்தது.
நேரம், மருந்தின் அளவு, என் கையெழுத்து
எல்லாம் இருந்தன.
"கிராண்ட்" என்றேன்.

எவ்வளவு தாமதித்துச் சொன்னேனோ தெரியாது.
அந்தப் பக்கம் வாளி நின்றது.
"இதோ" என்றாள்,
"கிளம்பிவிட்டேன்."